உழவர் சங்கங்களும் கைபேசிக் குழுக்களும்

இன்று கைபேசிக் குழு இல்லாத உழவர் சங்கத்தைக் காண்பது அரிது. ஏரிப் பாசனச் சங்கம், தென்னை வளர்ப்போர் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு, ஊர் இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் நீர்நிலைப் பாதுகாப்பு அமைப்பு என்று லாப நோக்கின்றி இயங்கும் அமைப்புகள் பலவும் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கின்றன. தொடங்கிய முதல் மாதத்தில் அதில் பயனுள்ள செய்திகள் வருகின்றன. மூன்றாம் மாதத்தில் காலை வணக்கப் படங்களும், பிறந்த நாள் வாழ்த்துகளும், அரசியல் சண்டைகளும் இடத்தை அடைத்துக் கொள்கின்றன. ஆறாம் மாதத்தில் உறுப்பினர்களில் பலர் குழுவின் ஒலியை நிறுத்தி வைத்து விடுகின்றனர். அதன் பிறகு பூச்சித் தாக்குதல் பற்றிய அவசர அறிவிப்பு வந்தாலும் திறந்து பார்ப்பார் இல்லை.

இதனால் ஏற்படும் இழப்பு சிறிதன்று. பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வெள்ளம், ஆலங்கட்டி மழை போன்ற உள்ளூர் இடர்ப்பாட்டால் நேரும் இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அந்த மூன்று நாட்களுக்குள் செய்தி கிடைத்தவர் மனு செய்கிறார். கிடைக்காதவர் வாய்ப்பை இழக்கிறார். ஆகவே கைபேசிக் குழுவைச் சரியாக நடத்துவது பொழுதுபோக்கு வேலையன்று. கணக்கு எழுதுவதைப் போலவே அதுவும் சங்கத்தின் கடமைகளில் ஒன்று. அதைச் செய்யும் முறைகளை இக்கட்டுரையில் காண்போம்.

வானொலி கற்பித்த பாடம்

புதிய சாதனம் ஒன்று கிராமத்துக்கு வருவது இது முதல் தடவையன்று. 1960-களின் நடுவில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் பரவியபோது, திருச்சி வானொலி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பு அதற்குப் பெரிதும் துணை நின்றது. அதனால் உழவர்கள் அந்த ரகத்தை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். ஒரு சாதனத்தின் பெயரால் ஒரு நெல் ரகத்தை மக்கள் அழைத்தார்கள் என்றால், அச்சாதனத்தின் மீது அவர்களுக்கு இருந்த நம்பிக்கை எத்தகையது என்பது விளங்கும்.

ஆனால் வானொலிப் பெட்டி மட்டும் மாற்றத்தைக் கொண்டு வந்துவிடவில்லை. 1956-ல் பூனாவைச் சுற்றியுள்ள ஐந்து மாவட்டங்களில், யுனெஸ்கோ உதவியுடன் சுமார் 150 கிராமங்களில் ஒரு சோதனை நடைபெற்றது. ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு குழு அமைக்கப்பட்டது. வாரம் இரு முறை, பத்து வாரங்கள், குழுவினர் ஒன்றாக அமர்ந்து பண்ணை ஒலிபரப்பைக் கேட்டனர். கேட்டு முடிந்ததும் தங்களுக்குள் விவாதித்தனர். ஐயங்களை எழுதி வானொலி நிலையத்துக்கு அனுப்பினர். அடுத்த ஒலிபரப்புகளில் அவற்றுக்கு விடை கிடைத்தது. டாடா சமூக அறிவியல் நிறுவனம் இதை ஆராய்ந்தபோது, குழு இருந்த கிராமங்களில் விவர அறிவு தெளிவாக உயர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி இருந்தும் குழு இல்லாத கிராமங்களில் அவ்வளவு முன்னேற்றம் இல்லை.

இதில் உள்ள பாடம் இன்றைக்கும் பொருந்தும். செய்தியை அனுப்புவது பாதி வேலைதான். கேட்டவர்கள் கூடிப் பேசுவதும், கேள்வி கேட்பதும், கேள்விக்கு விடை வருவதும் மீதிப் பாதி. 2006-ல் பெங்களூரில் தொடங்கப்பட்டு 2008-ல் தனி அறப்பணி நிறுவனமாகப் பிரிந்த டிஜிட்டல் கிரீன் அமைப்பும் இதே வழியைத்தான் கையாண்டது. உள்ளூர் உழவர்களையே நடிக்க வைத்துச் சிறு படங்கள் எடுத்தது. அவற்றைச் சிறு சிறு குழுக்களுக்குப் போட்டுக் காட்டும்போது, உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் படத்தை இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்டு, விளக்கம் சொன்னார். கருவி மாறினாலும் கூடிப் பேசும் முறை மாறவில்லை.

எந்தச் சாதனம் எதற்கு?

களைக்கொட்டு செய்யும் வேலையை மண்வெட்டி செய்யாது. அதுபோல ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பயன் உண்டு.

வாட்ஸ்அப் குழு: கேள்வி, பதில், கலந்துரையாடல் ஆகியவற்றுக்கு ஏற்றது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் சேர்க்கலாம் என்பதற்காகச் சேர்க்க வேண்டியதில்லை. ஒருவரையொருவர் முகம் தெரிந்த 60 முதல் 100 பேர் கொண்ட குழுவில்தான் கூச்சமின்றிக் கேள்வி எழும்.

அறிவிப்புக் குழு: நிர்வாகிகள் மட்டும் செய்தி இடும்படி குழுவின் அமைப்பை மாற்றி வைத்துக் கொள்ளலாம். மதகு திறக்கும் நாள், கூட்ட நாள், மானிய விண்ணப்பத்தின் கடைசி நாள் போன்றவற்றை இதில் மட்டுமே இட வேண்டும். இதன் ஒலியை உறுப்பினர்கள் நிறுத்தாமல் வைத்திருக்கும்படி கேட்டுக் கொள்ள வேண்டும். வாரத்துக்கு மூன்று நான்கு செய்திகளுக்கு மேல் வராது என்ற உறுதியைச் சங்கம் காப்பாற்றினால் அவர்களும் அவ்வாறே வைத்திருப்பர்.

யூடியூப்: செய்முறை விளக்கத்துக்கு ஏற்றது. உதாரணமாக, உப்புக் கரைசலில் விதை நெல்லைத் தரம் பிரிப்பதை எழுத்தில் விளக்கினால் பலருக்குப் பிடிபடுவதில்லை. நீரில் உப்பைச் சிறிது சிறிதாகக் கரைப்பது, முட்டை மிதந்து அதன் தலை மேலே தெரிந்ததும் நிறுத்துவது, விதையைக் கொட்டி மிதக்கும் பதரை அரித்து எடுப்பது, மூழ்கிய விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசுவது ஆகியவற்றை நான்கு நிமிடப் படத்தில் காட்டிவிடலாம். ஒரு படத்தில் ஒரு வேலை மட்டுமே இருக்க வேண்டும். பேசுபவர் உள்ளூர் உழவராக, உள்ளூர்ப் பேச்சிலேயே பேசுவது சிறந்தது. காற்று இரைச்சல் இல்லாத காலை வேளையில் படம் எடுக்க வேண்டும். படம் சற்று மங்கினாலும் பார்ப்பார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் பார்க்க மாட்டார்கள்.

முகநூல் பக்கம்: ஊரை விட்டு வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ்வோரைச் சென்றடைய ஏற்றது. ஏரி தூர்வாருதல், பள்ளிக்கு மரக்கன்று வைத்தல் போன்ற பொதுப் பணிகளுக்கு ஆதரவு திரட்ட இது உதவும்.

சங்கம் தொடங்கும்போது இந்நான்கையும் ஒருசேர எடுத்துக் கொள்ள வேண்டாம். ஓர் அறிவிப்புக் குழுவும் ஒரு கலந்துரையாடல் குழுவும் போதும். அவை ஓராண்டு ஒழுங்காக நடந்த பிறகு மற்றவற்றைப் பற்றிச் சிந்திக்கலாம்.

குழு அமைக்கும் முறை

முதலாவதாக, குழுவின் நோக்கத்தை ஒரே வரியில் எழுதிக் கொள்ள வேண்டும். ‘பெரிய ஏரிப் பாசன விவசாயிகளின் நீர்ப் பங்கீடு, பயிர்ப் பாதுகாப்பு, சங்கச் செய்திகள்’ என்பது போன்ற வரி அது. அந்த வரிக்குள் அடங்காத எதுவும் குழுவில் இடம் பெறக் கூடாது. கட்சி அரசியல், சாதிப் பேச்சு, கோயில் வழக்கு, தனிப்பட்ட விற்பனை விளம்பரம் ஆகியவை எவ்வளவு முக்கியமானவை என்று தோன்றினாலும் அவற்றுக்கு இடம் வேறு. சாதிப் பேச்சு ஒன்று தலைகாட்டினாலே ஒரு பகுதித் தெருக்காரர்கள் வாய் மூடி விடுவர். குழு உடைந்தது என்பது வெளியே தெரியாது. கேள்வி வருவது நின்றுபோவதே அதன் அறிகுறி.

இரண்டாவதாக, நிர்வாகிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாகவும், ஒருவர் முப்பது வயதுக்கு உட்பட்டவராகவும், ஒருவர் பயிர் அனுபவம் மிக்கவராகவும் இருப்பது நலம். விதியை மீறுபவரிடம் முதலில் தனியாகத் தொலைபேசியில் எடுத்துச் சொல்ல வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தால் அவருக்கும் அவருடைய உறவினர்களுக்கும் மனக்கசப்பு ஏற்படும். பொருந்தாத செய்தியை நிர்வாகியே அனைவருக்கும் நீக்கிவிடும் வசதி இருக்கிறது. அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

மூன்றாவதாக, சங்கத்துக்கென்று தனிக் கைபேசி எண் வாங்க வேண்டும். செயலாளரின் சொந்த எண்ணில் குழு இயங்கினால், அடுத்த தேர்தலில் செயலாளர் மாறும்போது குழுவும் பழைய செய்திகளும் அவரோடு போய்விடும். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் போல அந்தக் கைபேசியும் பொறுப்பு மாறும்போது கையெழுத்திட்டு ஒப்படைக்கப்பட வேண்டும்.

நான்காவதாக, உறுப்பினரின் சம்மதம் பெற்ற பின்பே அவரது எண்ணைச் சேர்க்க வேண்டும். ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், பட்டா ஆகியவற்றின் படங்களைக் குழுவில் இடுவதை அடியோடு தடுக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு அவை தேவைப்பட்டால் நேரில் வாங்கலாம்.

விடுபடுவோர் யார்?

குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதைவிட யார் இல்லை என்பதையே சங்கம் முதலில் பார்க்க வேண்டும். உறுப்பினர் பட்டியலையும் குழுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் உண்மை விளங்கும். பெரும்பாலும் நால்வகையினர் விடுபட்டிருப்பர்: முதியவர்கள், பெண்கள், குத்தகைதாரர்கள், கடைமடை விவசாயிகள்.

நாற்று நடவும், களை எடுப்பும், கால்நடைப் பராமரிப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில் உள்ளன. ஆனால் வீட்டில் உள்ள ஒரே நல்ல கைபேசி கணவரிடமோ மகனிடமோ இருக்கிறது. மாட்டுக்கு வரும் அம்மை நோய் பற்றிய எச்சரிக்கை மகனுடைய கைபேசியில் கிடந்து என்ன பயன்? இதற்கு மூன்று வழிகள் உண்டு. பெண்களுக்கெனத் தனிக் குழு அமைத்து, அதைப் பெண் நிர்வாகியே நடத்தலாம். எழுத்துச் செய்தியுடன் ஒரு நிமிடக் குரல் பதிவையும் சேர்த்து அனுப்பலாம். வாரம் ஒரு முறை சுய உதவிக் குழுக் கூட்டத்தில் அந்த வாரச் செய்திகளை ஒருவர் வாசித்துக் காட்டலாம்.

கைபேசியே இல்லாதவர்களுக்குப் பழைய முறைகளை விட்டுவிடக் கூடாது. முக்கியச் செய்திகளைப் பால் சங்கத்திலும், நியாய விலைக் கடையிலும், தேநீர்க் கடையிலும் கரும்பலகையில் எழுதி வைக்க வேண்டும். அவசரச் செய்தியென்றால் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும்.

ஒலிபெருக்கி பழங்காலத்துச் சாதனம் என்று எண்ண வேண்டாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களை அமைத்தது. இணையத்திலிருந்து அலை உயரம் பற்றிய தகவலைப் பெற்று, மீனவக் கிராமத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப் பேரலை வந்தபோது, நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவரிடமிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை கிடைத்தது. உடனே அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியாக மக்கள் கரையை விட்டு வெளியேறும்படி அறிவிக்கப்பட்டனர். ஊர் மக்கள் உயிர் தப்பினர். தொலைபேசி ஒருவர் காதில் சேர்த்த செய்தியை ஊர் முழுவதற்கும் சேர்த்தது ஒலிபெருக்கி. புதியதும் பழையதும் கைகோத்தால்தான் செய்தி கடைசி வீடு வரை போகும்.

ஒரு பூச்சியும் ஒரு வதந்தியும்

கூட்டுச் செயல் எங்கு மிகவும் தேவை என்பதைத் தென்னையில் வரும் சுருள் வெள்ளை ஈயை வைத்து விளக்கலாம். இப்பூச்சி 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது. ஓலையின் அடிப்பக்கத்தில் இருந்து சாற்றை உறிஞ்சும். இது கழிக்கும் தேன் போன்ற கழிவின் மீது கரும்பூசணம் படர்ந்து, ஓலைகள் கரி பூசியது போலத் தோன்றும். அந்தக் கருமையைக் கண்ட உழவர் மனம் பதறுவது இயல்பே.

அச்சமயத்தில்தான் கைபேசியில் ‘இந்த மருந்தை அடித்தால் ஒரே நாளில் போய்விடும்’ என்ற செய்தி சுற்றி வரும். யார் எழுதியது, எந்த ஊரில் சோதித்தது என்ற விவரம் எதுவும் அதில் இராது. ஒருவர் அடித்தால் பக்கத்துத் தோப்புக்காரரும் அடிப்பார். ஆனால் இப்பூச்சியைக் கட்டுப்படுத்துவதில் பெரும் பங்கு வகிப்பது என்கார்சியா என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியாகும். ரசாயனப் பூச்சிக்கொல்லி தெளித்தால் அக்குளவி அழிகிறது. வெள்ளை ஈயோ பக்கத்துத் தோப்பிலிருந்து மீண்டும் வந்து சேருகிறது. செலவும் போய், நண்பனும் போய், எதிரி மட்டும் மிஞ்சுகிறது. ஒருவர் செய்த தவறு அவருடைய வேலியோடு நிற்பதில்லை என்பதே இதில் உள்ள ஆபத்து.

இதே கைபேசிக் குழுவைச் சங்கம் நல்வழியில் பயன்படுத்தினால் என்ன செய்யலாம்? ஒட்டுண்ணி தாக்கிய கூட்டுப்புழுக்கள் எந்தத் தோப்பில் மிகுதியாக உள்ளன என்று விசாரித்து, அந்த ஓலைத் துண்டுகளை எடுத்து வந்து, ஒட்டுண்ணி இல்லாத தோப்புகளில் கட்டச் செய்யலாம். பணச் செலவு இல்லாத வைத்தியம் இது. ஆனால் யாரிடம் இருக்கிறது, யாருக்கு வேண்டும் என்பது தெரிந்தால்தான் நடக்கும். அதைத் தெரிவிக்கக் கைபேசிக் குழுவைப் போல் விரைவான வழி வேறில்லை.

அறிவிப்பு எழுதும் முறை

நல்ல அறிவிப்பில் ஆறு விவரங்கள் இருக்க வேண்டும்: என்ன, யாருக்கு, என்ன செய்ய வேண்டும், எவ்வளவு, யார் சொன்னது, எந்தத் தேதி. கீழே ஒரு மாதிரி தரப்படுகிறது.

‘தென்னை விவசாயிகளுக்கு. வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ காணப்படுகிறது. ரசாயனப் பூச்சிக்கொல்லி தெளிக்க வேண்டாம். விளக்கெண்ணெய் தடவிய 5 அடிக்கு 1½ அடி மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு 8 வீதம் மரத்தில் கட்டவும். ஓலையின் அடிப்பக்கம் படும்படி விசைத் தெளிப்பானால் தண்ணீர் பீய்ச்சவும். கரும்பூசணத்துக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசை கரைத்துத் தெளிக்கவும்; அது காய்ந்து உதிரும்போது பூசணமும் உதிரும். ஐயம் இருப்பின் ஞாயிறு காலை 7 மணிக்குச் சங்கக் கட்டடத்துக்கு ஓலையுடன் வரவும்.’

இதன் கீழே பரிந்துரை செய்தவரின் பெயர், பதவி, தேதி ஆகியவற்றை எழுத வேண்டும். தேதி இல்லாத செய்தி ஓராண்டு கழித்தும் சுற்றி வந்து தொல்லை கொடுக்கும். முடிந்துபோன மானியத் திட்டத்துக்காக வட்டார அலுவலகத்துக்கு மக்கள் அலைவதற்குத் தேதியில்லாத செய்திகளும் ஒரு காரணம்.

அனுப்பும் நேரமும் முக்கியம். வயலில் இருக்கும் நேரத்தில் வரும் செய்தி கீழே புதைந்து போகும். அதிகாலை 6 மணிக்கு முன்போ, இரவு 7 மணிக்குப் பிறகோ அனுப்புவது ஏற்றது.

படம் எடுத்துக் கேட்பது எப்படி?

‘பயிர் மஞ்சளாக இருக்கிறது, என்ன மருந்து?’ என்ற கேள்விக்கு எந்த நிபுணராலும் விடை சொல்ல இயலாது. மஞ்சளுக்குத் தழைச்சத்துக் குறைவு, துத்தநாகக் குறைவு, நீர் தேங்குதல், வைரஸ் நோய் என்று பல காரணங்கள் உண்டு. ஆகவே கேள்வி கேட்பவர் கீழ்க்கண்டவாறு அனுப்பும்படி சங்கம் பழக்க வேண்டும்.

1. மூன்று படங்கள்: வயல் முழுவதும் ஒன்று, ஒரு செடி முழுவதும் ஒன்று, பாதித்த இலை அல்லது காய் அருகில் ஒன்று.

2. இலையின் அடிப்பக்கத்தையும் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்தால் பூச்சியின் அளவு விளங்கும்.

3. வெயில் ஏறுமுன் எடுத்த படம் தெளிவாக இருக்கும்.

4. படத்துடன் பயிரின் ரகம், வயது, கடைசியாகத் தெளித்த மருந்து, இட்ட உரம், தண்ணீர் பாய்ச்சிய நாள் ஆகியவற்றைக் குரல் பதிவாகச் சொல்லலாம்.

படத்தைக் கண்டவுடன் ஆளுக்கொரு மருந்தின் பெயரைச் சொல்வது பல குழுக்களில் வழக்கமாகிவிட்டது. இதைத் தடுக்க ஒரு விதி போதும். அனுபவத்தை யாரும் சொல்லலாம். மருந்தின் பெயரையும் அளவையும் வேளாண்மை அலுவலர் அல்லது விஞ்ஞானியின் பரிந்துரைப்படி மட்டுமே சொல்ல வேண்டும். உடனே விடை தெரியாவிட்டால், ‘பார்த்தோம், கேட்டு நாளை மாலைக்குள் சொல்கிறோம்’ என்று நிர்வாகி எழுதிவிட வேண்டும். விடை கிடைக்காத முதல் கேள்வியோடு உழவர் பொறுத்துக் கொள்வார். இரண்டாவது கேள்வியைக் கேட்க மாட்டார்.

விடை பெற அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகலாம். உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லாத எண் 1800-180-1551. இதில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம். தமிழக அரசு 2018-ல் தொடங்கிய உழவன் செயலியையும் பயன்படுத்தலாம்.

பொய்ச் செய்தியை அறிவது எப்படி?

பதர் நெல்லும் பார்வைக்கு நெல்லைப் போலத்தான் இருக்கும், தூற்றினால்தான் தெரியும். வந்த செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்க வேண்டும். எழுதியவர் யார்? எந்தத் தேதி? பொறுப்புள்ள வேறு எவரேனும் இதையே சொல்லியிருக்கிறார்களா? மூன்றில் இரண்டுக்கு விடை இல்லையென்றால் அச்செய்தியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

பிறரிடமிருந்து வந்து கைமாறிய செய்தியில் வாட்ஸ்அப் ஓர் அம்புக்குறி இடுகிறது. பல முறை கைமாறியதென்றால் இரட்டை அம்புக்குறி இடுகிறது. வதந்திகளால் விபரீதங்கள் நேர்ந்ததால், 2018-ல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் கைமாற்ற முடியாதபடி வரம்பு வைக்கப்பட்டது. 2020-ல், பல முறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரிடத்துக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று அது மேலும் இறுக்கப்பட்டது. ஆகவே இரட்டை அம்புக்குறியைக் கண்டால், ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டிய செய்தி என்று கொள்ளலாம்.

பண மோசடி இதைவிடக் கொடியது. பி.எம். கிசான் உதவித் தொகையின் பெயரைச் சொல்லிப் போலிச் செயலிக் கோப்புகளை அனுப்பி, வங்கிப் பணத்தைக் களவாடும் கும்பல்கள் உள்ளன. குழுவில் இத்தகைய கோப்பு வந்தால் யாரும் திறக்கக் கூடாது. நிர்வாகி உடனே நீக்க வேண்டும். அனுப்பிய உறுப்பினரின் கைபேசியே களவாடப்பட்டிருக்கக் கூடும். ஆதலால் அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். பணம் பறிபோனவர் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

நீர்ப் பங்கீடும் கணக்கும்

ஏரிப் பாசனச் சங்கங்களில் சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் நீர்க் குறைவு மட்டுமல்ல, ஐயமும்தான். ‘மேல்மடைக்காரர் இரவில் அடைப்பை எடுத்துவிட்டார்’ என்ற பேச்சு எழுந்தால், உண்மை எதுவாயினும் ஒற்றுமை குலையும். முறைப் பாசனப் பட்டியலை முதல் நாள் மாலையே அறிவிப்புக் குழுவில் இட்டு, மதகு திறந்த நேரத்தையும் அடைத்த நேரத்தையும் நீர்ப் பாய்ச்சி ஒரு படத்துடன் அனுப்பினால் பெரும் பகுதி ஐயம் தீரும். கடைமடையில் நீர் வந்து சேர்ந்ததையும் அங்குள்ள ஒருவர் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தலைமடையில் திறந்தது செய்தியன்று. கடைமடைக்கு வந்ததே செய்தி.

நன்கொடை திரட்டும் பணிகளுக்கும் இதே விதிதான். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைத் தாக்கிய பிறகு, ஊர் இளைஞர்கள் பலர் சமூக ஊடகங்களின் வழியாக நிவாரணப் பொருள் திரட்டினர். பேராவூரணிப் பகுதியில் அவர்கள் ஒன்று சேர்ந்து நீர்நிலைகளைத் தூர்வாரும் பணியிலும் இறங்கினர். இத்தகைய பணிக்கு வெளியூரிலிருந்து பணம் அனுப்புவோர் நேரில் வந்து பார்க்க இயலாது. ஆகவே வேலை தொடங்குமுன் எடுத்த படம், நடுவில் எடுத்த படம், முடிந்த பின் அதே இடத்தில் நின்று எடுத்த படம் ஆகிய மூன்றையும் வெளியிட வேண்டும். இயந்திரம் ஓடிய மணி நேரம், மணிக்கு வாடகை, ரசீது, மீதித் தொகை ஆகியவற்றை வாரந்தோறும் இட வேண்டும். பணத்தைச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் மட்டுமே வாங்க வேண்டும்; தனி நபர் கணக்கில் வாங்கக் கூடாது. கணக்கு வெளியிடாத சங்கத்துக்கு ஒரு முறை பணம் வரும், மறுமுறை வராது.

உதவி பெற்றவரின் படத்தை வெளியிடுவதில் நிதானம் வேண்டும். வீடிழந்தவர் அரிசி மூட்டையுடன் நிற்கும் படம் கொடுத்தவருக்கு மகிழ்ச்சி தரலாம். வாங்கியவருக்கு அது கூச்சம். அவருடைய சம்மதம் இன்றி வெளியிடலாகாது. பணியின் படத்தை இட்டாலே போதுமானது.

பருவத்துக்கு ஏற்ற திட்டம்

நாற்றங்கால் விடுமுன் நாள் குறிப்பது போலக் குழுவுக்கும் நாள் குறித்துக் கொள்ள வேண்டும். சம்பா நெல் பயிரிடும் ஊருக்கு ஒரு மாதிரித் திட்டம் வருமாறு:

விதைப்புக்கு மூன்று வாரம் முன்பு: விதை இருப்பு, விலை, கிடைக்கும் இடம், உப்புக் கரைசல் செய்முறைப் படம்.

விதைப்பு வாரம்: கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கொண்டு விதை நேர்த்தி செய்தல்; நாற்றங்கால் பராமரிப்பு.

நடவுக் காலம்: நடவு ஆட்கள், இயந்திரம் யாரிடம் எப்போது கிடைக்கும் என்ற பட்டியல், முறைப் பாசன நாட்கள்.

தூர் கட்டும் பருவம்: வாரம் ஒரு முறை ஐந்து வயல்களில் பூச்சி, நோய் பார்த்துப் படத்துடன் அறிக்கை; காப்பீட்டுக் கடைசி நாள் நினைவூட்டல்.

அறுவடைக்கு முன்பு: மழை முன்னறிவிப்பு, அறுவடை இயந்திர வரிசை, நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குத் தேவையான ஆவணங்கள், நெல்லின் ஈரப்பதம் பற்றிய விவரம்.

அறுவடைக்குப் பின்பு: எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று நேரில் கூடிப் பேசும் கூட்டம்.

விலை நிலவரம் இடும்போது சந்தையின் பெயர், தேதி, விளைபொருளின் தரம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ‘தேங்காய் விலை ஏறிவிட்டது’ என்ற மொட்டைச் செய்தியை நம்பி வண்டி ஏற்றியவருக்கு வாடகையும் நஷ்டம்.

பயனை அளப்பது எப்படி?

குழுவில் 400 பேர் இருக்கிறார்கள், படத்தை 2,000 பேர் பார்த்தார்கள் என்று சொல்வது பயனின் அளவாகாது. விதைத்த விதையின் எண்ணிக்கை மகசூல் ஆகுமா? மாத இறுதியில் ஒரு தாளில் நான்கு எண்களை மட்டும் குறித்தால் போதும்.

1. எத்தனை கேள்விகள் வந்தன? அவற்றில் பெண்கள் கேட்டவை எத்தனை?

2. ஒரு நாளுக்குள் விடை பெற்றவை எத்தனை?

3. அறிவிப்பில் சொன்னதை வயலில் செய்தவர் எத்தனை பேர்? இருபது வயல்களை நேரில் பார்த்தே இதை எழுத வேண்டும்.

4. மாதக் கூட்டத்துக்கு வந்தவர் எத்தனை பேர்?

நான்காவது எண் மிக முக்கியம். கைபேசிக் குழு நன்றாக நடந்தால் கூட்டத்துக்கு வருவோர் கூட வேண்டும். குறைந்தால், குழு கூட்டத்தின் இடத்தைப் பிடித்துக் கொண்டது என்று பொருள். அப்போது செய்திகளைக் குறைத்து, நேரில் கூடுவதற்கான காரணங்களைக் கூட்ட வேண்டும். ஒட்டுண்ணி ஓலை பரிமாற்றம், விதைப் பரிமாற்றம், வயல் விழா ஆகியவற்றுக்குக் கைபேசி ஆளைக் கூட்டித் தரும். வேலையை ஆட்கள்தான் செய்ய வேண்டும்.

சங்க நிர்வாகிகள் அடுத்த கூட்டத்திலேயே உறுப்பினர் பட்டியலையும் குழுப் பட்டியலையும் ஒப்பிட்டு, விடுபட்டோர் பெயர்களை எழுதும் வேலையிலிருந்து தொடங்கலாம். நிர்வாகிகளுக்குப் பயிற்சி தேவைப்படும் சங்கங்கள் தங்கள் மாவட்டத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகிப் பயன் பெறலாம்.